கொடி நாட்டாமல் காலூன்றியவர்கள்: சயாமில் டேனியர்

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஐந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பொன் கடற்கரைக் கோட்டைகளும் கைமாறின. 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுத்து வந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பறித்துக்கொண்டன. 1868-இல் நிக்கோபார் தீவுகளும் போயின. கடைசியில் மிஞ்சியது சுமார் 18 லட்சம் மக்கள் வாழும் ஒரு சின்ன நாடு. தமிழில் டேனியர் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டை, சீகன்பால்கு, அச்சுக்கூடம் என்று தொடங்கி 1845-இல் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குள் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் சயாம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அதே டேனியரைப் பார்க்கிறோம். கடற்படைக்குத் தலைவர் ஒரு டேனியர். நாட்டின் முதல் ரயில் பாதைக்கு உரிமம் வாங்கிய இருவரில் ஒருவர் டேனியர். பாங்காக்கின் மின்சாரமும் டிராமும் டேனிஷ் கம்பெனி கையில். மாகாணங்களுக்கான ஆயுதக் காவல்படையை நடத்தியவரும் டேனியர்தான். வடக்கே தேக்குக் காடுகளில் டேனிஷ் முத்திரை. இவ்வளவும் இருந்தும் சயாமில் ஒரு சாண் நிலம்கூட டென்மார்க்கின் ஆட்சிக்குள் வரவில்லை. ஆட்சியைக் கையில் எடுக்காமல் ஒப்பந்தம், உரிமம், ஆலோசகர் பதவி வழியாக ஒரு நாட்டின் வருமானத்தில் பங்கு கொள்வதை முறைசாரா ஏகாதிபத்தியம் என்பார்கள். அதற்குப் பிரிட்டனைத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவது வழக்கம். பீரங்கிக் கப்பலை அனுப்பி மிரட்டும் வலு இல்லாத ஒரு நாடு அதை எப்படிச் செய்தது என்பதற்கு சயாம் நல்ல எடுத்துக்காட்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க் சயாமில் போட்ட முதலீடு அதன் சிறிய அளவுதான். "இவர்களால் நம்மை விழுங்க முடியாது" என்று சயாம் அரசவை நம்பியது, அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. ஆனால் விழுங்க முடியாதவன் பந்தியில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டான். பரிமாறியவர்கள் யார், அவர்களுக்கு என்ன மிஞ்சியது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அடுத்தவர் சாய்த்த ஏணி

1855-இல் பிரிட்டன் சயாமுடன் பௌரிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. இறக்குமதித் தீர்வை 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பிரிட்டிஷ் குடிமகன் குற்றம் செய்தால் அவனை விசாரிக்கும் உரிமை சயாம் நீதிமன்றத்துக்குக் கிடையாது, பிரிட்டிஷ் தூதரகத்துக்கே உண்டு. சீனாவில் அபினிப் போர் எப்படி முடிந்தது என்பதைப் பார்த்திருந்த மன்னர் மோங்குட் வேறு வழியில்லாமல் கையெழுத்திட்டார். பிற ஐரோப்பிய நாடுகள் அதே வாசகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தன. டென்மார்க் வந்தது 1858-இல். ஒரு குண்டுகூடச் சுடாமல், பிரிட்டனுக்குக் கிடைத்த அதே சலுகைகள் அதற்கும் கிடைத்தன.

பின்னால் வந்ததையெல்லாம் தாங்கிய அடித்தளம் இதுதான். டேனியர் நல்லவர்கள், சயாமுக்கு நண்பர்கள் என்று எவ்வளவு சொன்னாலும், பாங்காக்கில் ஒரு டேனிஷ் வணிகர் மீது வழக்கு வந்தால் அது சயாம் நீதிபதியிடம் போகாது. இந்த உரிமை 1920-களின் ஒப்பந்தத் திருத்தங்களில்தான் முழுமையாக முடிந்தது.

இரண்டு மனிதர்கள், ஒரே வயது

ஆந்த்ரேயாஸ் டு பிளெஸி டி ரிஷ்லியூ, ஹான்ஸ் நீல்ஸ் ஆண்டர்சன். இருவரும் 1852-இல் பிறந்தவர்கள். ரிஷ்லியூ கடற்படை அதிகாரி. 1875-இல் டேனிஷ் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியானின் அறிமுகக் கடிதத்தோடு பாங்காக் வந்து இளம் மன்னர் சுலலாங்கோர்னிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டர்சன் ஏழை வீட்டுப் பிள்ளை, கப்பல் தச்சராக இருந்து மாலுமியானவர். 1884-இல் பாங்காக்கில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். சாவ் பிரயா ஆற்றங்கரையில் இன்றும் புகழோடு நிற்கும் ஓரியண்டல் ஹோட்டலின் 1887-ஆம் ஆண்டுக் கட்டடத்தை எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு வழி திறந்துவிட்டது தேக்கு. சயாமியத் தேக்கை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குக் கப்பல் ஓட்டினார், திரும்பும்போது நிலக்கரி கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் லாபம்.

சுலலாங்கோர்ன் ஏன் இவர்களை நம்பினார்? மேற்கே பர்மாவை பிரிட்டன் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தது. கிழக்கே வியட்நாமும் கம்போடியாவும் பிரான்ஸின் பிடியில். ஆங்கிலேயரிடம் கடற்படையைக் கொடுத்தால் பிரான்ஸ் முறைக்கும், பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தால் பிரிட்டன் முறைக்கும். அதனால் மன்னர் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். நிதித் துறைக்கு ஆங்கிலேயர், ரயில்வேக்கு ஜெர்மானியர், அரண்மனைகள் கட்ட இத்தாலியர், தலைமை ஆலோசகராக பெல்ஜியத்துச் சட்ட அறிஞர் ரோலன் ஜாக்மின், கடற்படைக்கும் காவல்படைக்கும் டேனியர். மிகக் கூர்மையான ஏற்பாடு இது. ஆயுதம் தாங்கும் துறைகளை, அந்த ஆயுதத்தைச் சயாமுக்கு எதிராகத் திருப்ப முடியாத நாட்டுக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டென்மார்க்குக்கு இன்னொரு பலமும் இருந்தது. கிறிஸ்டியான் மன்னரின் ஒரு மகள் பிரிட்டனின் பட்டத்து இளவரசரை மணந்திருந்தார், இன்னொரு மகள் ரஷ்யப் பேரரசி, ஒரு மகன் கிரேக்க மன்னர். கடைசி மகன் வால்டமார் பிரெஞ்சு அரச குடும்பத்தில் பெண் எடுத்தவர். ஐரோப்பிய அரண்மனைகளுக்குள் நுழைய வாசல் தேடிய சயாம் மன்னருக்கு இந்தச் சம்பந்தங்கள் மதிப்புள்ளவை. 1897-இலும் 1907-இலும் ஐரோப்பா சென்ற சுலலாங்கோர்ன் டென்மார்க்குக்கும் போனார். 1899-1900-இல் இளவரசர் வால்டமார் வல்கீரியன் என்ற போர்க்கப்பலில் சயாம் வந்து சேர்ந்தார். அதற்குள் ஆண்டர்சனின் கடை கோபன்ஹேகன் வங்கிப் பணத்தின் துணையோடு ஈஸ்ட் ஏசியாட்டிக் கம்பெனியாக வளர்ந்திருந்தது. அது பதிவான ஆண்டும் 1897தான்.

ரிஷ்லியூவுக்கு சயாம் கொடுத்த பட்டத்தைத் தமிழர்களால் எளிதாகப் பிரித்துப் படிக்க முடியும். தாய் மொழி உச்சரிப்பில் சோன்லயுத்தயோதின். எழுத்தைப் பார்த்தால் ஜல, யுத்த, யோதின். நீர்ப்போர் வீரன். காவல்படைத் தலைவர் குஸ்தாவ் ஷாவுக்குக் கிடைத்தது வாசுதேவ என்ற பட்டம். கோபன்ஹேகனிலிருந்து வந்தவர் வாசுதேவரானார் என்பது வேடிக்கைச் செய்தி இல்லை. சயாம் அரசவை இவர்களைக் கூலிக்கு வந்த அந்நியராக ஒதுக்காமல் தன் படிநிலைக்குள் ஒரு படியில் நிறுத்தி வைத்தது. உரிமங்களெல்லாம் அந்தப் படியில் நின்றவர்களுக்குத்தான் கிடைத்தன.

உரிமம் என்னும் விதை

1886-இல் பாங்காக்கிலிருந்து ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பாக்னாம் வரை ரயில் பாதை போட 50 ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. பெற்றவர்கள் ஆங்கிலேயரான லாஃப்டஸும் ரிஷ்லியூவும். அடுத்த ஆண்டு அதே இருவருக்கு டிராம் உரிமம். 1888-இல் சரோன் குருங் சாலையில் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. அது நட்டத்தில் தள்ளாடியபோது டேனிஷ் முதலீட்டாளர்கள் வாங்கி மின்சாரத்துக்கு மாற்றினார்கள். 1894 வாக்கில் பாங்காக்கில் மின்சார டிராம் ஓடிக்கொண்டிருந்தது. நம் சென்னையில் அது வந்தது 1895-இல், கோபன்ஹேகனிலேயே 1897-இல்தான். தன் தலைநகரில் இன்னும் ஓடாத வண்டியை டேனிஷ் முதலீடு பாங்காக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறது. 1898-இல் சயாம் மின்சாரக் கம்பெனி பிறந்தது. அதை நடத்தியவர் பொறியாளர் ஓகே வெஸ்டன்ஹோல்ட்ஸ். டிராம், தெருவிளக்கு, வீட்டு மின்சாரம் எல்லாம் ஒரே கம்பெனியிடம் போயின. அந்த மின் உரிமம் 1949 முடியும் வரை செல்லுபடியானது.

ரிஷ்லியூ அரசின் கடற்படை அதிகாரி. மன்னரின் நம்பிக்கைக்குரியவர். அதே நேரத்தில் அரசிடமிருந்து உரிமம் பெற்று அந்தக் கம்பெனிகளில் பங்கும் வைத்திருந்தவர். இன்று எந்த நாட்டிலாவது ஒரு கடற்படைத் தளபதி இப்படி இருந்தால் பொறுத்துக்கொள்வார்களா? அன்று அது குற்றமாகப் பார்க்கப்படவில்லை என்று சிலர் சொல்வார்கள். மன்னரின் சொந்தப் பணமும் ரயில் பாதையில் இருந்தது உண்மை. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஏனென்றால் வாங்குகிறவரும் விற்கிறவருக்கு ஆலோசனை சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தார். முறைசாரா ஏகாதிபத்தியம் என்ற பெரிய சொல் நடைமுறையில் பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமாகத்தான் இருக்கிறது.

1893 ஜூலை 13

பாக்னாம் ரயிலை 1893 ஏப்ரல் 11 அன்று மன்னர் திறந்து வைத்தார். சுமார் 21 கிலோமீட்டர் பாதை. மூன்று மாதம் கழித்து அதே பாக்னாமில் டேனியர் மீது வைத்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது.

மேகாங் ஆற்றின் இடது கரையைக் கேட்டு பிரான்ஸ் நெருக்கிக்கொண்டிருந்தது. ஜூலை 13 மாலை, இன்கான்ஸ்டான்ட், கோமெட் என்ற இரண்டு பிரெஞ்சுப் பீரங்கிக் கப்பல்கள், முன்னால் வழிகாட்ட ஜான் பாப்டிஸ்ட் சே என்ற வணிகக் கப்பலோடு, முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. கரையில் சுலசோம்கிளாவ் கோட்டை. அதில் ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையின் புதிய பீரங்கிகள். சுட்டதும் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்து, குண்டு நிரப்பியதும் மேலே எழும் வகை. ஆற்றில் கண்ணிவெடிகள், குறுக்கே மூழ்கடித்த கலங்கள், சயாமியப் போர்ப்படகுகள். மொத்தப் பாதுகாப்பும் ரிஷ்லியூவின் பொறுப்பு, கோட்டையிலும் படகுகளிலும் டேனிஷ் அதிகாரிகள். அவர்களில் பலர் புதிதாக வந்தவர்கள். கட்டளையிடுபவர் பேசுவது ஒரு மொழி, பீரங்கி முனையில் நிற்பவர் பேசுவது வேறு மொழி. அந்தப் பீரங்கிகளைக் கையாளப் போதிய பயிற்சியும் ஆட்களுக்கு இல்லை.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வழிகாட்டி வந்த கப்பல் அடிபட்டுத் தரை தட்டியது. இரண்டு பீரங்கிக் கப்பல்களும் தப்பி மேலேறி, இரவில் பாங்காக்கில் பிரெஞ்சுத் தூதரகத்தின் முன் நங்கூரமிட்டன. பிறகு முற்றுகை. அக்டோபர் 3-இல் சயாம் கையெழுத்திட்டது. மேகாங்கின் இடது கரை முழுவதும் போயிற்று, 30 லட்சம் பிராங்க் அபராதம், பிணையாக சந்தபுரி நகரில் பிரெஞ்சுப் படை. சுலலாங்கோர்ன் மாதக்கணக்கில் நோய்ப்படுக்கையில் கிடந்தார்.

இந்தத் தோல்விக்கு டேனியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்றைய பிரான்ஸை எந்தக் கோட்டையாலும் நெடுநாள் நிறுத்தியிருக்க முடியாது. என்னை உறுத்துவது வேறு. டேனிஷ் அதிகாரிகள் நேரில் நின்று பிரான்ஸ் மீது சுட்டார்கள். பிரான்ஸ் அதற்காக டென்மார்க் மேல் போர் தொடுக்கவில்லை, டென்மார்க்கும் சயாமுக்காக விரலை அசைக்கவில்லை. ஏனென்றால் சட்டப்படி அவர்கள் சயாம் மன்னரின் ஊழியர்கள். லாபம் வரும்போது அவர்கள் கோபன்ஹேகனின் பிள்ளைகள், தோட்டா பறக்கும்போது பாங்காக்கின் ஊழியர்கள். தோற்ற பிறகும் ரிஷ்லியூவின் செல்வாக்கு குறையவில்லை. 1900-இல் கடற்படையின் தலைமைத் தளபதியே ஆனார். 1902-இல்தான் ஊர் திரும்பினார்.

1896-இல் பிரிட்டனும் பிரான்ஸும் கூடிப்பேசி சாவ் பிரயா சமவெளியில் படை நடத்துவதில்லை என்று உடன்பட்டன. நடுவில் ஒரு காலி இடம் உறுதியானது. அங்கே சிறிய நாடுகளின் கம்பெனிகள் பயமில்லாமல் கடை விரித்தன.

ஒரு தேக்கு மரம் பாங்காக் வந்து சேரும் கதை

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நின்ற மரத்தின் அடியில் பட்டையையும் வெளி மரத்தையும் வளையமாக வெட்டி, வயிரம் தெரியும்வரை சீவி விடுவார்கள். நீர் ஏறாமல் மரம் நின்ற நிலையிலேயே காயும். இரண்டு மூன்று ஆண்டுகள். பிறகு வெட்டிச் சாய்த்து, கம்பெனியின் முத்திரைச் சுத்தியலால் அடித்து அடையாளம் பதித்து, யானை கட்டி ஓடைக்கு இழுப்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் கட்டை ஓடை மணலிலேயே கிடக்கும். வெள்ளம் வந்தால் யோம் ஆற்றுக்கு இறங்கும், அகன்ற இடத்தில் தெப்பமாகக் கட்டுவார்கள், சுங்கச்சாவடியில் எண்ணிக் கழிப்பார்கள், அப்புறம்தான் பாங்காக் மரமறுப்பு ஆலை. வளையம் வெட்டிய நாளிலிருந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆவது சாதாரணம். காட்டில் மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதி லாவோஸ் மலைகளிலிருந்து வந்த கமு இனக் கூலிகள். ஆறு ஆண்டு காத்திருக்கும் பணம் கையில் உள்ளவன்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். அதனால் காடு ஐரோப்பியக் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தது. பெரும் பங்கு பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு. பிரே பகுதியில் ஈஸ்ட் ஏசியாட்டிக்குக்கு ஓர் இடம் கிடைத்தது.

யாருடைய காடு அது? வடக்கே லான்னா நாட்டின் சிற்றரசர்களுடையது. சியாங் மாய், லம்பாங், நான், பிரே எல்லாவற்றுக்கும் தனித்தனி அரச குடும்பங்கள் இருந்தன. 1896-இல் பாங்காக் வனத்துறையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காட்டின் உரிமை சிற்றரசர்களிடமிருந்து மைய அரசுக்குப் போனது. ஐரோப்பியக் கம்பெனிகள் இனி பாங்காக்கில் கையெழுத்துப் போட்டால் போதும். புதிய வரி, புதிய அதிகாரி, கட்டாய வேலை எல்லாம் வடக்கு மக்கள் தலையில் இறங்கின. அதைக் காக்க 1897-இல் ஒரு மாகாணக் காவல்படை அமைந்தது. தலைவர் குஸ்தாவ் ஷாவ், அதிகாரிகள் டேனியர்.

1902 ஜூலையில் பிரே நகரில் பர்மா எல்லைப் பக்கத்து ஷான் இன மக்கள் கிளர்ந்தார்கள். நகரம் வீழ்ந்தது. சயாமிய ஆளுநர் உட்பட சுமார் 20 அதிகாரிகள் கொல்லப்பட்டனர். தேக்குக் கம்பெனி வெள்ளையர்களைக் கலகக்காரர்கள் தொடவில்லை. அவர்களின் கோபம் பாங்காக் மேல்தான். அடுத்து லம்பாங்கை நோக்கி வந்தபோது, அதைச் சிறு படையோடு தடுத்தவர் டேனிஷ் கேப்டன் யென்சன். அதே ஆண்டு அக்டோபரில் பயாவ் அருகே சண்டையில் இறந்தார். இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அவருக்கு அங்கே நினைவுத்தூண் உண்டு. கலகம் அடங்கிய பின் பிரே சிற்றரசர் லாவோஸின் லுவாங் பிரபாங்குக்கு ஓடிப்போனார், அவரோடு அந்த அரச மரபும் முடிந்தது.

டேனியரின் கதையை "சயாம் தன் சுதந்திரத்தைக் காக்கப் பயன்படுத்திய நண்பர்கள்" என்று மட்டும் எழுதுபவர்கள் இந்த இடத்தை இரண்டே வரியில் தாண்டிப் போகிறார்கள். பாங்காக்கிலிருந்து பார்த்தால் அந்த வாசகம் பொய்யில்லை. பிரேயிலிருந்து பார்த்தால், சயாம் தன் வடக்கைத் தானே குடியேற்ற நாடாக்கிக்கொண்டிருந்தது, அதற்கு டேனியர் துப்பாக்கி பிடித்தார்கள், அப்படி அடக்கிய காட்டில் அவர்கள் நாட்டுக் கம்பெனி மரம் வெட்டியது. சிறிய வல்லரசு வேறொரு அரசின் ஏகாதிபத்தியத்துக்குள் வாடகைக்குக் குடியிருந்தது என்று இதைச் சொல்லலாம். வீட்டுக்காரனும் லாபம் பார்த்தான், குடியிருந்தவனும் பார்த்தான். யோம் ஆற்றுக் காட்டைக் கேட்டவர் யாருமில்லை.

சயாமின் பங்கு, அதன் எல்லை

சயாமை வெறும் பலியாளாகக் காட்டுவதும் தவறு. சுலலாங்கோர்ன் கணக்குத் தெரிந்த மன்னர். இளவரசர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார். பிரிட்டனில் கடற்படைப் பயிற்சி பெற்ற இளவரசர் சும்போன்தான் இன்று தாய்லாந்துக் கடற்படையின் தந்தையாகப் போற்றப்படுகிறார். டேனியரை அமர்த்தியபோதே அவர்களை அனுப்பிவைக்கும் நாளையும் மன்னர் மனதில் வைத்திருந்தார். பதவிகளைப் பொறுத்தவரை அது நடந்தது.

உரிமங்களைப் பொறுத்தவரை நடக்கவில்லை. பதவியை மன்னர் நினைத்தால் முடிக்கலாம். 50 ஆண்டு ஒப்பந்தத்தை முடிக்க முடியாது. பாக்னாம் ரயில் 1936-இல் உரிமக் காலம் முடிந்த பிறகே அரசிடம் வந்தது. 1913-இல் மன்னர் வஜிராவுத் ஆணையால் சயாம் சிமெண்ட் தொடங்கியது. அதில் டேனிஷ் பங்கும் டேனிஷ் பொறியாளர்களும் இருந்தனர். 1974 வரை அதன் நிர்வாக இயக்குநர்கள் டேனியர்களே. மன்னரின் முழு அதிகார ஆட்சி கவிழ்ந்து, ஒரு உலகப்போர் முடிந்து, நாட்டின் பெயரே மாறிய பின்னும் அந்த நாற்காலி மாறவில்லை. நாட்டுடைமை, ராணுவப் புரட்சி எல்லாவற்றையும் தாண்டி ஒரு நிர்வாகப் பதவி 60 ஆண்டு ஒரே நாட்டாரிடம் இருக்க முடிந்தது. அதைப் பிடிக்க ஒரு சிப்பாய்கூடத் தேவைப்படவில்லை.

சயாமில் சேர்ந்த பணம் டென்மார்க்கில் என்ன செய்தது என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி. 1912-இல் ஈஸ்ட் ஏசியாட்டிக் கட்டிய சேலாண்டியா, கடல் கடந்த முதல் பெரிய டீசல் கப்பல்களில் ஒன்று. புகைபோக்கியே கிடையாது, புகை பாய்மரத் தூண் வழியாகப் போகும். முதல் பயணம் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்கு. உலகக் கப்பல் தொழில் அதைப் பார்த்து அசந்து நின்றது.

பாங்காக் மின்சாரத்தை நடத்திய வெஸ்டன்ஹோல்ட்ஸ் பாங்காக்கோடு நிற்கவில்லை. 1906-இல் பிரிட்டிஷ் மலாயாவின் பேராக்கில், தெலுக் ஆன்சன் அருகே ஜென்டராட்டா என்ற ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். டென்மார்க் தரங்கம்பாடியை விட்டு 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாயாத் தோட்டங்களுக்கு கங்காணிகள் ஆள் சேர்த்தது தமிழ் மாவட்டங்களில்தான். கப்பல் ஏறிய துறைகளில் ஒன்று நாகப்பட்டினம், தரங்கம்பாடியிலிருந்து தெற்கே ஒரு நாள் நடை. ஜென்டராட்டாவில் இப்போது ரப்பர் போய் எண்ணெய்ப்பனை நிற்கிறது. தெலுக் ஆன்சனுக்கு தெலுக் இந்தான் என்று பெயர் மாறிவிட்டது. தோட்டத்துக்குள் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன.